கொழுப்பு நீங்கினால் நலம் கூடுமா?

நுழையும்முன்

உணவைப் பற்றிய அறிவுரைகள் நாற்புறமும் ஒலிக்கும் காலம் இது. அவற்றுள் அடிக்கடி கேட்கும் ஒன்று, 'கொழுப்பு குறைந்த புரதத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்' என்பது. இவ்வறிவுரை எவ்வாறு பிறந்தது? ஆய்வுகள் இதனை எந்த அளவுக்கு ஏற்கின்றன? எங்கே ஏற்க மறுக்கின்றன? இவ்வினாக்களை ஆராய்ந்து, தட்டில் உள்ள உணவைத் தாமே எடைபோடும் திறனை வளர்ப்பது இக்கட்டுரை.

முட்டையை வேகவைத்து, மஞ்சள்கருவை ஒதுக்கிவிட்டு வெள்ளைக்கருவை மட்டும் உண்ணும் வழக்கம் இன்று இளைஞரிடையே பரவியுள்ளது. கோழிக்கறி வாங்குவோர் தோல் நீக்கிய நெஞ்சுக்கறியைக் கேட்டு வாங்குகின்றனர். மத்தி மீனில் எண்ணெய் மிகுதி என்று அதனைத் தவிர்ப்போர் உளர். நிலக்கடலை கொழுப்பைக் கூட்டும் என்று அஞ்சுவோரும் உளர். உடற்பயிற்சிக்கூடங்களில் கொழுப்பற்ற புரதப் பொடி பெரும்விலைக்கு விற்கிறது. இவை அனைத்துக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: புரதம் நல்லது, கொழுப்பு தீயது, ஆகவே கொழுப்பிலிருந்து பிரித்தெடுத்த புரதமே மிக நல்லது.

இந்நம்பிக்கை முழுவதும் உண்மையாயின் அதனைப் பின்பற்றுவதில் தடையில்லை. பாதி மட்டுமே உண்மையாயின், மறுபாதியை நம்பி ஒதுக்கிய உணவில் உடல் இழப்பது என்ன என்பதை அறிந்தாக வேண்டும். எலும்பும் தசையும் வளர்ந்துகொண்டிருக்கும் பதினாறு, பதினேழு வயதில் இவ்விழப்பு பொருட்படுத்தத்தக்கது.

முதன்மைப் பொருள்

1838ஆம் ஆண்டில் டச்சு வேதியியலாளர் முல்டர், உயிர்ப்பொருள்களில் காணப்பட்ட ஒருவகைச் சேர்மத்துக்குப் 'புரோட்டீன்' என்னும் பெயரை அச்சேற்றினார். அப்பெயரை அவருக்குப் பரிந்துரைத்தவர் சுவீடன் நாட்டு அறிஞர் பெர்சிலியஸ். 'முதன்மையானது' என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. தசை, தோல், முடி, இரத்தத்தின் ஹீமோகுளோபின், செரிமான நொதிகள், நோயை எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் என உடலின் கட்டுமானத்திலும் இயக்கத்திலும் புரதம் இல்லாத இடமில்லை.

புரதங்கள் இருபது வகை அமினோ அமிலங்களால் ஆனவை. அவற்றுள் ஒன்பதை உடல் தானே உருவாக்க இயலாது. உணவின் வழியாகவே பெற வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிந்துரையின்படி, வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்குத் தம் உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 0.83 கிராம் புரதம் உண்ண வேண்டும். 50 கிலோ எடையுள்ளவருக்கு இது ஏறத்தாழ 42 கிராம் ஆகும்.

புரதம் உணவில் தனித்து வருவதில்லை. இறைச்சியில் கொழுப்போடும், பாலில் கொழுப்பு மற்றும் சர்க்கரையோடும், பருப்பில் மாவுச்சத்து மற்றும் நார்ச்சத்தோடும், கடலையில் எண்ணெயோடும் சேர்ந்தே வருகிறது. ஒரு கிராம் புரதம் 4 கிலோகலோரி ஆற்றலைத் தர, ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோகலோரி தருகிறது. எனவே, கொழுப்பு குறைந்தால் உணவின் ஆற்றலும் குறையும் என்பது எளிய கணக்கு. மிகுந்த எடையைக் குறைக்க விரும்புவோர்க்கு இக்கணக்கு பயன் தரும்.

'கொழுப்பு குறைந்தது' என்பதற்கு அமெரிக்க அரசு ஒரு சட்ட வரையறை வகுத்துள்ளது. 100 கிராம் இறைச்சியிலோ மீனிலோ மொத்தக் கொழுப்பு 10 கிராமுக்குக் குறைவாகவும், நிறைவுற்ற கொழுப்பு 4.5 கிராமுக்கு மிகாமலும், கொலஸ்ட்ரால் 95 மில்லிகிராமுக்குக் குறைவாகவும் இருந்தால் உறையின்மேல் அச்சொல்லை அச்சிடலாம். வரையறை தெளிவானதே. ஆயினும், அது கொழுப்பின் அளவைச் சொல்கிறதே தவிர, அவ்வுணவின் உப்பு, பதப்படுத்திய முறை, உயிர்ச்சத்து, நார்ச்சத்து ஆகியவற்றைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. எண்ணெய்ச்சத்து மிகுந்த பருவத்து மீன் இவ்வளவுகோலில் தோற்கும். உப்பிட்டுப் பதப்படுத்திய கொழுப்பற்ற இறைச்சித் துண்டு வெல்லும். நலத்தை அளக்க இவ்வளவுகோல் ஒன்றே போதாது என்பதை இம்முரண் காட்டுகிறது.

அச்சம் பிறந்த வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் மாரடைப்பு இறப்புகள் பெருகின. காரணத்தைக் கண்டறிய 1948ஆம் ஆண்டில் பிராமிங்காம் என்னும் ஊரில் 5,209 பேரைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு தொடங்கிற்று. 1958இல் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞரின் தலைமையில் ஏழு நாடுகளைச் சேர்ந்த பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் மற்றோர் ஆய்வு நடந்தது. நிறைவுற்ற கொழுப்பை மிகுதியாக உண்ட மக்களிடையே இதயநோய் இறப்பும் மிகுந்திருந்ததை அது கண்டது.

நிறைவுற்ற கொழுப்பு என்பது நெய், வெண்ணெய், ஆட்டுக்கொழுப்பு போல அறை வெப்பத்தில் பெரும்பாலும் உறைந்து நிற்கும் கொழுப்பில் மிகுந்திருப்பது. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், மீன் எண்ணெய் போன்றவற்றில் நிறைவுறாக் கொழுப்பு மிகுதி. நிறைவுற்ற கொழுப்பு மிகும்போது, இரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் எல்.டி.எல். என்னும் துகள்கள் பெருகுகின்றன. அவை தமனிகளின் உட்சுவரில் படிந்து, நாளடைவில் இரத்த ஓட்டத்தைத் தடுக்கின்றன.

அமெரிக்க இதயச் சங்கம் 1961ஆம் ஆண்டில் நிறைவுற்ற கொழுப்பைக் குறைக்குமாறு அறிவுறுத்தியது. 1968இல் வாரத்துக்கு மூன்று முட்டை மஞ்சள்கருவுக்கு மேல் உண்ண வேண்டா என்றது. 1977இல் மெக்கவர்ன் தலைமையிலான அமெரிக்க மேலவைக் குழு நாட்டு மக்களுக்கான உணவு இலக்குகளை வெளியிட்டது. இவ்வாறு ஆய்வுக்கூடத்துச் செய்தி அடுக்களைக்கு வந்து சேர்ந்தது.

வந்து சேர்ந்த வழியில் ஒரு சொல் உதிர்ந்துபோயிற்று. 'நிறைவுற்ற கொழுப்பு' என்று அறிஞர் கூறியதை 'கொழுப்பு' என்று மக்கள் கேட்டனர். ஏழு நாடுகள் ஆய்விலேயே கிரேக்க நாட்டின் கிரீட் தீவு இடம்பெற்றிருந்தது. அத்தீவினர் தம் ஆற்றலில் ஏறத்தாழ 40 விழுக்காட்டைக் கொழுப்பிலிருந்தே பெற்றனர். ஆயினும் அவர்களிடையே மாரடைப்பு மிகக் குறைவு. அவர்கள் உண்ட கொழுப்பில் பெரும்பகுதி ஆலிவ் எண்ணெய். கொழுப்பின் அளவோடு அதன் வகையையும் பார்க்க வேண்டும் என்னும் பாடம் தொடக்கத்திலேயே இருந்தது. அது உரக்கச் சொல்லப்படவில்லை.

குறைத்ததும் நிரப்பியதும்

கொழுப்பைக் குறைப்பவர் பசியோடு இருப்பதில்லை. அவ்விடத்தை வேறோர் உணவு நிரப்புகிறது. எது நிரப்புகிறது என்பதைப் பொறுத்தே பயன் அமைகிறது.

அமெரிக்காவில் 50 முதல் 79 வயது வரையுள்ள 48,835 பெண்கள் பங்கேற்ற பேராய்வு ஒன்றின் முடிவு 2006இல் வெளியானது. ஒரு பிரிவினர் மொத்தக் கொழுப்பைக் குறைத்து, காய், கனி, தானியங்களைக் கூட்டினர். ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கவனித்த பின்னரும் மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ குறிப்பிடத்தக்க குறைவு தென்படவில்லை. இதற்கு மாறாக, நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்த 15 ஆய்வுகளை ஒருங்கே தொகுத்து 2020இல் வெளியான ஒரு மதிப்பீடு, இதய இரத்தக்குழாய் நோய் நிகழ்வுகள் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவதைக் கண்டது. நிறைவுற்ற கொழுப்பின் இடத்தில் நிறைவுறாக் கொழுப்பு வந்தபோது நன்மை தெளிவாக இருந்தது.

கொழுப்பு நீக்கிய தயிரில் சுவைக்காகச் சர்க்கரையைக் கொட்டுவதும், தோல் நீக்கிய கோழியோடு மைதா ரொட்டியை மிகுதியாக உண்பதும் ஏன் நன்மை தருவதில்லை என்பது இதனால் விளங்கும். ஒன்று நீங்கியது, நல்லதொன்று அவ்விடத்துக்கு வரவில்லை.

சிவப்பு இறைச்சியும் வெள்ளை இறைச்சியும்

ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி போன்ற சிவப்பு இறைச்சியைவிடக் கோழி போன்ற வெள்ளை இறைச்சி இதயத்துக்கு நல்லது என்பது பரவலான கருத்து. இதனை நேரடியாகச் சோதித்த ஓர் ஆய்வு 2019ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகர ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றிலிருந்து வெளிவந்தது. அதில் 113 பேர் பங்கேற்றனர். ஒவ்வொருவரும் நான்கு வாரம் சிவப்பு இறைச்சியையும், நான்கு வாரம் வெள்ளை இறைச்சியையும், நான்கு வாரம் இறைச்சியில்லாப் புரதத்தையும் உண்டனர். ஒரு பிரிவினரின் உணவில் நிறைவுற்ற கொழுப்பு மிகுதி. மற்றொரு பிரிவினரின் உணவில் குறைவு.

முடிவு எதிர்பாராததாக அமைந்தது. நிறைவுற்ற கொழுப்பின் அளவு ஒத்திருந்தபோது, சிவப்பு இறைச்சியும் வெள்ளை இறைச்சியும் எல்.டி.எல். கொலஸ்ட்ராலை ஏறத்தாழ ஒரே அளவில் வைத்திருந்தன. பருப்பு, கொட்டை முதலிய தாவரப் புரதத்தை உண்டபோதுதான் அது தாழ்ந்தது. எந்தப் புரதமாயினும், நிறைவுற்ற கொழுப்பு மிகுந்த பிரிவில் அது உயர்ந்தே இருந்தது.

இவ்வாய்விலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. நிறைவுற்ற கொழுப்பைக் குறைப்பதால் உண்மையாகவே பயன் உண்டு. அதே வேளையில், ஓர் இறைச்சியை விட்டு மற்றோர் இறைச்சிக்கு மாறுவதைவிட, இறைச்சியின் ஒரு பகுதிக்கு மாற்றாகப் பருப்பை உண்பது எல்.டி.எல். அளவில் கூடுதல் நன்மை தரும்.

2012இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வும் நினைவிற்குரியது. கொலஸ்ட்ரால் மிகுந்த 36 பேர், காய், கனி, முழுத்தானியம் நிறைந்த உணவோடு கொழுப்பு குறைந்த மாட்டிறைச்சியை நாள்தோறும் உண்டனர். அவர்களின் எல்.டி.எல். ஏறத்தாழ 10 விழுக்காடு குறைந்தது. கொழுப்பு குறைந்த இறைச்சி, நல்ல உணவுமுறையின் ஓர் உறுப்பாக அமையலாம் என்பதற்கு இது சான்று. ஆயினும், அவ்வாய்வுக்கு மாட்டிறைச்சித் தொழில்துறையின் நிதியும் கிடைத்தது. நிதி வந்ததனாலேயே ஆய்வு பொய்யாகிவிடாது. ஆனால், யார் நிதி அளித்தார், எத்தனை பேர் பங்கேற்றனர், எவற்றோடு எதனை ஒப்பிட்டனர் என்று கேட்டறிவது படிப்பவரின் கடமை.

தெரிந்து தெளிவோம்

உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015ஆம் ஆண்டில், பதப்படுத்தப்பட்ட இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்தது. நாள்தோறும் 50 கிராம் பதப்படுத்தப்பட்ட இறைச்சியை உண்பது, பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பை ஏறத்தாழ 18 விழுக்காடு கூட்டும் என்று அது மதிப்பிட்டது. உப்பிடுதல், புகையூட்டுதல், வேதிப்பொருள் சேர்த்தல் ஆகியவை இவ்வகையில் அடங்கும். கொழுப்பு குறைந்தது என்று உறையில் அச்சிடப்பட்டிருந்தாலும் பதப்படுத்திய இறைச்சி பதப்படுத்தியதே.

கொழுப்பே இல்லாவிட்டால்

கொழுப்பைக் குறைப்பது நன்று என்றால், அறவே நீக்குவது இன்னும் நன்று அன்றோ என்று கேட்கத் தோன்றும். இவ்வினாவுக்கு விடை தருவது வடதுருவப் பகுதியின் அனுபவம்.

கனடாவில் பிறந்த ஸ்டெபான்சன் என்னும் நிலத்தேட்டாளர், துருவப்பகுதியில் இனுயிட் மக்களோடு பல ஆண்டுகள் வாழ்ந்தார். அம்மக்கள் இறைச்சியையும் மீனையும் உண்டு நலமாக இருந்ததைக் கண்டார். ஆனால், கொழுப்பு மிகக் குறைந்த முயல் இறைச்சியை மட்டுமே உண்ண நேர்ந்தோர், வயிறு நிறைய உண்டும் நோயுற்றனர். 'முயல் பட்டினி' என்று இதற்குப் பெயர் வழங்கிற்று.

1928ஆம் ஆண்டில் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில், மருத்துவர்களின் மேற்பார்வையில் ஸ்டெபான்சனும் ஆண்டர்சன் என்னும் அவர் தோழரும் இறைச்சி உணவுச் சோதனைக்கு உட்பட்டனர். தொடக்கத்தில் ஸ்டெபான்சனுக்குக் கொழுப்பு நீக்கிய இறைச்சி மட்டும் கொடுக்கப்பட்டது. மூன்று நாள்களுக்குள் அவருக்கு வயிற்றுப்போக்கும் சோர்வும் கண்டன. கொழுப்புள்ள இறைச்சியைக் கொடுத்ததும் அவர் தேறினார்.

இதற்குக் காரணம் கல்லீரலின் எல்லை. புரதத்தை ஆற்றலாக மாற்றும்போது அதிலுள்ள நைட்ரஜன் கழிவாகிறது. அதனைக் கல்லீரல் யூரியாவாக மாற்ற, சிறுநீரகம் வெளியேற்றுகிறது. இவ்வேலைக்கு ஓர் உச்ச அளவு உண்டு. உடலுக்குத் தேவையான ஆற்றல் முழுவதையும் புரதத்திலிருந்தே பெற மனித உடலால் இயலாது. மாவுச்சத்தோ கொழுப்போ உடன் வேண்டும். இரண்டு மனிதரிடம் நடந்த சோதனையை வைத்து எல்லார்க்கும் இறைச்சி உணவு ஏற்றது என்று முடிவுகட்ட இயலாது. ஆனால், கொழுப்பு வெறும் கழிவுப்பொருள் அன்று என்பதை அது உணர்த்துகிறது.

உயிர்ச்சத்து ஏ, டி, இ, கே ஆகிய நான்கும் கொழுப்பில் கரைபவை. கொழுப்பின் துணையின்றிக் குடல் அவற்றை நன்கு உறிஞ்சாது. செல்களின் சவ்வு கொழுப்பால் ஆனது. மூளையின் உலர் எடையில் பாதிக்கு மேல் கொழுப்பே. சில கொழுப்பு அமிலங்களை உடல் தானே உருவாக்க இயலாமையால் அவற்றுக்கு 'இன்றியமையாக் கொழுப்பு அமிலங்கள்' என்றே பெயர்.

மஞ்சள்கருவின் வழக்கு

கொழுப்பு பற்றிய அச்சத்துக்கு மிகுதியும் இலக்கானது முட்டையின் மஞ்சள்கரு. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதமும் 5 கிராம் கொழுப்பும் உள்ளன. அக்கொழுப்பில் நிறைவுற்றது ஏறத்தாழ 1.5 கிராம் மட்டுமே. முட்டையின் புரதம் முழுவதும் வெள்ளைக்கருவில் உள்ளதாகப் பலர் கருதுகின்றனர். உண்மையில், ஐந்தில் இரண்டு பங்கு மஞ்சள்கருவில் இருக்கிறது. உயிர்ச்சத்து ஏ, டி, பி12, மூளை வளர்ச்சிக்கு உதவும் கோலின் ஆகியவையும் பெரிதும் அதிலேயே உள்ளன.

2017ஆம் ஆண்டில் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எடைதூக்கும் பயிற்சி செய்யும் பத்து இளைஞர்களுக்குப் பயிற்சி முடிந்ததும் ஒருமுறை முழு முட்டைகளையும், மற்றொருமுறை வெள்ளைக்கருவை மட்டும் கொடுத்தனர். இருமுறையும் புரதத்தின் அளவு 18 கிராம். முழு முட்டையை உண்டபோது தசைப்புரதம் உருவாவது மிகுந்திருந்தது. பத்துப் பேரிடம் நடந்த சிறிய ஆய்வே ஆயினும், தசை வளர்ச்சிக்காக மஞ்சள்கருவை ஒதுக்குவோர் எண்ணிப் பார்க்க வேண்டிய முடிவு இது.

உணவிலுள்ள கொலஸ்ட்ராலைவிட நிறைவுற்ற கொழுப்பே இரத்தக் கொலஸ்ட்ராலைப் பெரும்பாலோரிடம் மிகுதியாக உயர்த்துகிறது என்பது காலப்போக்கில் தெளிவாயிற்று. நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் என்று நெடுங்காலம் விதித்திருந்த வரம்பை, 2015ஆம் ஆண்டுப் பதிப்பில் அமெரிக்க உணவு வழிகாட்டி கைவிட்டது. நிறைவுற்ற கொழுப்பு மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்னும் வரம்பை நிலைநிறுத்திற்று. நீரிழிவு, பரம்பரையாக வரும் மிகைக் கொலஸ்ட்ரால் ஆகிய குறைபாடு உடையோர்க்கு இது பொருந்தாமல் போகலாம். அவர்கள் மருத்துவர் கூறும் அளவையே பின்பற்ற வேண்டும்.

தமிழ்நாட்டின் சத்துணவுத் திட்டத்தில் பள்ளிக் குழந்தைகளுக்கு வழங்கப்படுவது வேகவைத்த முழு முட்டை. வளரும் குழந்தையின் தட்டில் மஞ்சள்கரு மிகையன்று, அது தேவை.

மீனும் பருப்பும் கடலையும்

புரதத்தோடு வரும் கொழுப்பே மருந்துபோல் உதவும் உணவுகளும் உள்ளன. மத்தி, கானாங்கெளுத்தி போன்ற எண்ணெய்ச்சத்து மிக்க மீன்களில் ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் நிறைந்துள்ளன. வாரத்துக்கு இருமுறை, குறிப்பாக எண்ணெய்ச்சத்துள்ள மீனை உண்ணுமாறு அமெரிக்க இதயச் சங்கமே பரிந்துரைக்கிறது. வஞ்சிரத்தை உயர்வாகவும் மத்தியைத் தாழ்வாகவும் எண்ணுவது விலையின் கணக்கு. ஊட்டத்தின் கணக்கு அன்று.

நிலக்கடலையின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு புரதம், பாதியளவு எண்ணெய். அவ்வெண்ணெயில் பெரும்பகுதி நிறைவுறாக் கொழுப்பு. ஸ்பெயின் நாட்டில் இதயநோய் வாய்ப்பு மிகுந்த 7,400க்கும் மேற்பட்டோரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினர் ஆலிவ் எண்ணெயையும், மற்றொரு பிரிவினர் கொட்டை வகைகளையும் தம் உணவோடு மிகுதியாகச் சேர்த்துக்கொண்டனர். மூன்றாம் பிரிவினருக்குக் கொழுப்பைக் குறைக்கும் அறிவுரை வழங்கப்பட்டது. முதலிரு பிரிவினரிடம் மாரடைப்பு, பக்கவாதம் முதலியவை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தன. 2013இல் வெளியான இவ்வாய்வில் பங்கேற்பாளரைப் பிரித்த முறையில் பிழை கண்டறியப்பட்டது. ஆய்வாளர்கள் அதனைத் திரும்பப் பெற்று, தரவுகளை மீண்டும் ஆராய்ந்து 2018இல் வெளியிட்டனர். முடிவு பெரிதும் மாறவில்லை. தன் பிழையைத் தானே திருத்திக்கொள்வது அறிவியலின் இயல்பு.

பருப்பு வகைகள் இயல்பிலேயே கொழுப்பு குறைந்தவை. துவரை, உளுந்து, பாசிப்பயறு ஆகியவற்றின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம். அவற்றில் மெத்தியோனின் என்னும் அமினோ அமிலம் குறைவு. அரிசியிலும் கேழ்வரகிலும் அது உண்டு. அரிசியில் குறைவான லைசின் பருப்பில் நிறைவு. இட்லியில் அரிசியும் உளுந்தும், பொங்கலில் அரிசியும் பாசிப்பருப்பும் சேரும்போது ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகிறது. இறைச்சியில் இல்லாத நார்ச்சத்தும் இவ்வுணவுகளில் கிடைக்கிறது.

அடுக்களையில் மாறும் கணக்கு

100 கிராம் கோழி நெஞ்சுக்கறியில் தோலை நீக்கினால் குறையும் கொழுப்பு ஏறத்தாழ 4 கிராம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் உள்ள கொழுப்போ ஏறத்தாழ 14 கிராம். தோல் நீக்கிய கறியை மாவில் தோய்த்து எண்ணெயில் பொரிக்கும்போது, கடையில் நீக்கிய கொழுப்பு சட்டியில் பன்மடங்காகத் திரும்பி வருகிறது. தோலோடு குழம்பில் வெந்த கறியைவிடத் தோலின்றிப் பொரித்த கறி கொழுப்பு மிகுந்ததாக இருக்கக்கூடும். ஆகவே, எதை வாங்குவது என்பதோடு எப்படிச் சமைப்பது என்பதும் தேர்வின் பகுதியாகிறது.

நம் நாட்டுத் தட்டுகளில் பெரும்பாலானவற்றில் கொழுப்பைவிட முன்னே நிற்கும் குறை வேறு. சோறு குன்றுபோல் இருக்கும். பருப்பும் காயும் ஓரத்தில் சிறிதளவே இருக்கும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒரு நாளின் ஆற்றலில் தானியங்களின் பங்கு 45 விழுக்காட்டுக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்கிறது. பல்வேறு உணவுகளைத் தக்கவாறு சேர்த்துத் தரமான புரதத்தைப் பெறவும், தசையைப் பெருக்குவதற்காகப் புரதப் பொடிகளை உண்பதைத் தவிர்க்கவும் அதே வழிகாட்டி அறிவுறுத்துகிறது. புரதம் போதாத தட்டில் கொழுப்பை மட்டும் குறைப்பது, அத்தட்டை மேலும் வறியதாக்கும்.

நிறைவாக

கொழுப்பு குறைந்த புரதம் உண்மையாகவே நலம் தருமா என்னும் வினாவுக்கு ஒற்றைச் சொல்லில் விடை இல்லை. கொழுப்பு செறிந்த ஆட்டிறைச்சியையும் பாலாடையையும் நாள்தோறும் மிகுதியாக உண்பவர்க்கு ஆம். அவர் குறைத்துக்கொள்வது நன்று. மிகுந்த எடை உடையவர்க்கும் அது உதவும். மத்தி மீனையும் மஞ்சள்கருவையும் நிலக்கடலையையும் கொழுப்புக்கு அஞ்சி ஒதுக்கும் மாணவருக்கு இல்லை. அவர் தமக்கு வேண்டியதையே இழக்கிறார். பதப்படுத்திய இறைச்சியை, கொழுப்பு குறைந்தது என்னும் சொல்லை நம்பி வாங்குபவர்க்கும் இல்லை. அவர் வேறொரு கேட்டை விலைக்கு வாங்குகிறார்.

நீக்கப்படும் கொழுப்பு எவ்வகையினது, அவ்விடத்துக்கு வருவது எது, அது எவ்வாறு சமைக்கப்படுகிறது, உண்பவரின் உடலுக்கு எது குறைவு என்று கேட்டால் விடை தானே கிடைக்கும். திருக்குறளின் 95ஆம் அதிகாரத்துக்கு 'மருந்து' என்பது பெயர். அவ்வதிகாரம் மூலிகைகளைப் பட்டியலிடுவதில்லை. பெரும்பாலும் உணவையும் அதன் அளவையும் பற்றியே பேசுகிறது. உறையின்மேல் அச்சிட்ட ஒரு சொல்லை நம்பி உண்பதைவிட, தன் உடலின் தேவையை அறிந்து உண்பதே நலவாழ்வுக்கு வழி.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் ஒரு வாரம் உண்ட புரத உணவுகளைப் பட்டியலிட்டு, அவற்றோடு வரும் கொழுப்பின் வகையைக் குறிப்பிடுக.

2. கடையில் விற்கும் உணவுப்பொருள் ஒன்றின் உறையில் உள்ள ஊட்டச்சத்து விவரத்தைப் படித்து, அதிலுள்ள புரதம், நிறைவுற்ற கொழுப்பு, சர்க்கரை, உப்பு ஆகியவற்றின் அளவை வகுப்பில் விளக்குக.

3. 'மஞ்சள்கருவை ஒதுக்குவது அறிவுடைமையா?' என்னும் தலைப்பில் இருதரப்புச் சான்றுகளையும் திரட்டிக் கலந்துரையாடுக.